முதலில் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப்ளிஃபையர்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் அம்மன் கோயில் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் ஏறிவிடும். விடிகாலை நாலரைக்கு முதல் பாட்டு. அடுத்த ஊர்க்காரரும் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். மைக்செட்காரரின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், மேசை மேல் சாதாரணமாக ஒரு ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கும். அதே காலத்தில் பஜாரில் விற்ற டூ-இன்-ஒன் செட்களில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்று தங்க நிற ஸ்டிக்கர் பளபளக்கும். அந்த ஆயிரம் வாட்ஸ் பக்கத்து அறைக்குப் போவதற்குள்ளேயே மூச்சு வாங்கும்.

போன மாதம் மைத்துனன் போன் செய்தான். ஆசைப்பட்டு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறான், ஷெல்ஃபில் வைக்கிற அளவு. “மாமா, பின்னாடி 150 வாட்ஸ்னு போட்டிருக்கு. அப்போ 150 வாட்ஸ் ஆம்ப்தானே வாங்கணும்?”

ஆம்ப் வாங்கப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்கிற கேள்விதான் இது. ஸ்பீக்கருக்குப் பின்னால் போட்டிருக்கும் வாட்ஸ் அது கேட்கிற தீனி இல்லை. கருகாமல் எவ்வளவு தாங்கும் என்று தயாரித்தவர் சொல்லும் உத்தேசக் கணக்கு. பாலத்தின் முகப்பில் 10 டன் என்று பலகை இருந்தால், சைக்கிளில் போகிறவர் திரும்பிப் போக வேண்டியதில்லையே. அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அதே தாளில் சின்ன எழுத்தில் இருக்கும் வேறு இரண்டு எண்களைப் பார்க்கச் சொன்னேன்: சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபெல், இம்பீடன்ஸ் (ஆம்பிலிருந்து வரும் கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) எத்தனை ஓம்ஸ்.

சென்சிட்டிவிட்டி என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் என்பது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84-லிருந்து 90 டெசிபெலுக்குள் வரும். வேப்பமரத்துக் குழாய் 105-ஐத் தொடும். மைத்துனன் வாங்கிய பெட்டி 86. 86-க்கும் 105-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் டெசிபெல் கூட்டல் கணக்கில் நடப்பதில்லை, பெருக்கலில் நடக்கிறது. 3 டெசிபெல் ஏற வேண்டுமானால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும், 10 டெசிபெல் ஏற பத்து மடங்கு. 19 டெசிபெல் வித்தியாசம் என்பது ஏறக்குறைய 80 மடங்கு. குழாய் ஒரு வாட்டில் செய்கிற வேலைக்கு மைத்துனனின் பெட்டி 80 வாட்ஸ் கேட்கும். இன்னொன்று, காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றுவதற்கே சுமார் 10 டெசிபெல் வேண்டும். 50 வாட்ஸ் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபெல், அதாவது ‘கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்கிற அளவு. விலைச்சீட்டில் ஏறுகிற அளவுக்குக் காதில் ஏறாது.

இதில் ஒரு சின்னத் தில்லுமுல்லும் உண்டு. சில தாள்களில் ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று இருக்கும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது சரியாக ஒரு வாட். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் இரண்டு வாட்ஸ் ஆகிவிடும். ஆக, 4 ஓம்ஸ் பெட்டி 3 டெசிபெலைச் சும்மா கூட்டிக் காட்டும். பொய் இல்லை, ஆனால் ஒப்பிடும்போது கழித்துக்கொள்ள வேண்டும்.

சரி, மைத்துனன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெட்டி 86 டெசிபெல். சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 3 மீட்டர். வெட்டவெளி என்றால் அந்தத் தூரத்தில் 9 டெசிபெலுக்குச் சற்று மேலே குறையும். அறைக்குள் சுவரும் தரையும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கின்றன, ஸ்பீக்கரும் இரண்டு இருக்கிறது. எல்லாம் போக, ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால் சோபாவில் சுமார் 83 டெசிபெல் கிடைக்கும். வீட்டில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கிற சராசரி அளவு 75 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாட்டே மிச்சம்தான்!

சிக்கல் சராசரியில் இல்லை, உச்சத்தில். ஒரு கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருக்கிறது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சராசரியைவிட 20 டெசிபெல் எகிறும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு வாட்ஸ். ஆக 75-ல் கேட்டாலும் 95 வரைக்கும் கைவசம் இருக்க வேண்டும். 83-லிருந்து 95-க்கு 12 டெசிபெல், 16 வாட்ஸ். இன்னும் கொஞ்சம் ஏற்றி 80-ல் கேட்கிறவருக்கு 50 வாட்ஸ். 85-ல் கேட்டால் 160 வாட்ஸ் வேண்டும், பக்கத்து ஃப்ளாட்காரரின் சிநேகமும் வேண்டும். இப்போதைய சினிமாப் பாட்டுகளுக்கு இவ்வளவு தேவைப்படாது. அவற்றைப் பதிவிலேயே அழுத்தி, உச்சத்தையும் சராசரியையும் நெருங்க வைத்துவிடுகிறார்கள். மெல்லிய தம்புராவும் தவிலும் ஒரே தட்டில் வருகிற பதிவுகள்தான் ஆம்பைச் சோதிக்கும்.

பெட்டிகள் ஏன் இப்படிப் பசியெடுத்து அலைகின்றன என்று யோசித்தால் பழைய கதை ஒன்று வரும். டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வ் காலத்தில் வாட்ஸ் என்பது தங்கம். 300பி வால்வ் ஒற்றையாக நின்றால் கிடைப்பது 8 வாட்ஸ் சொச்சம். அதனால் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு, ஹார்ன் வைத்துக் கட்டினார்கள். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1946-ல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன் அறை மூலையையே ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்திக்கொண்டு 100 டெசிபெலைத் தாண்டியது. 1954-ல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் தளர்வான வூஃபரை (பேஸுக்கான ஸ்பீக்கர்) வைத்து ஏ.ஆர்.-1 கொண்டுவந்தார். அலமாரித் தட்டில் வைக்கிற பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பேஸ் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்கு விலை, சென்சிட்டிவிட்டி. அவருடைய ஏ.ஆர். கம்பெனியிலிருந்து பிரிந்துபோய் கே.எல்.எச். என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பெயரில் இன்றும் ஒரு விதி சொல்வார்கள்: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி, மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அதே அளவுப் பெட்டியில் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், ஒரு வாட்டுக்குக் கிடைக்கிற ஒலிச் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். கோயில் குழாயில் பேஸே கிடையாது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். அது பேஸைத் தியாகம் செய்துதான் ஊரைக் கூட்டுகிறது. டிரான்சிஸ்டர் வந்து வாட்ஸ் மலிவான பிறகு பெட்டிகள் கூச்சமில்லாமல் சிறுத்தன.

இம்பீடன்ஸ் விஷயத்தில் நானே சூடு பட்டவன். பல வருடம் முன்பு, தரையில் நிற்கிற உயரமான ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, வீட்டிலிருந்த ஹோம் தியேட்டர் ரிசீவரில் மாட்டினேன். ரிசீவர் அட்டைப்பெட்டியில் 100 வாட்ஸ், ஏழு சேனல். பாட்டு மெதுவாகப் போகும்வரை தேன். பேஸ் கிட்டார் கீழே இறங்கி கூடவே டிரம்ஸும் விழுந்தால், உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் மயான அமைதி. ஸ்பீக்கரைத் துண்டிக்கிற ரிலே பிரிந்துகொள்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போனால், அவர்கள் தங்களுடைய சின்ன ஸ்பீக்கரை மாட்டி ஒரு மணி நேரம் பாட விட்டு “நல்லாத்தானே சார் இருக்கு” என்று கையில் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். அவர்கள் ஸ்பீக்கரில் அது நன்றாகத்தான் இருந்தது.

‘8 ஓம்ஸ்’ என்பது ஸ்பீக்கரின் பெயர்ப்பலகை மட்டுமே. உள்ளே வாய்ஸ் காயில், கிராஸ்ஓவர் சுருள், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்ந்து, சுருதிக்குச் சுருதி இம்பீடன்ஸ் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் 25 ஓம்ஸுக்கு ஏறும், இன்னோரிடத்தில் 4-க்கு இறங்கும். சர்வதேசத் தர விதிப்படி, எழுதியிருக்கிற எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது. 8 என்று போட்டால் 6.4 கடைசி. இதை மதிக்காத பெட்டிகள் சந்தையில் ஏராளம். ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். 20 வோல்ட் போனால் 8 ஓம்ஸ் பெட்டி 2.5 ஆம்பியர் இழுக்கும். 3 ஓம்ஸுக்கு இறங்குகிற இடத்தில் 6.7 ஆம்பியர். அதே வால்யூம், அதே பாட்டு. வோல்டேஜும் கரண்டும் முன்பின்னாக நகர்ந்துபோகிற இடமும் இதோடு சேர்ந்துகொண்டால் டிரான்சிஸ்டர் கொதித்துவிடும். என் ரிசீவர் செய்தது தற்காப்பு.

இதன் உச்சத்தை 1980-களில் அபோஜி கம்பெனியின் சிந்தில்லா ரிப்பன் ஸ்பீக்கர் காட்டியது. இம்பீடன்ஸ் 1 ஓம். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். பெரிய பெரிய ஆம்ப்கள் அதன் முன் மண்டியிட்டன. கிரெல் போன்ற ஓரிரு கம்பெனிகள் ‘எங்கள் ஆம்ப் அதை ஓட்டும்’ என்றே பேர் வாங்கின. நேர் எதிர்ப்பக்கம் பி.பி.சி.யின் எல்.எஸ்.3/5ஏ. ஒளிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த, ஒரு அடி உயரப் பெட்டி. சென்சிட்டிவிட்டி 83 டெசிபெல்தான், சோம்பேறி. ஆனால் இம்பீடன்ஸ் 15 ஓம்ஸ், பிற்காலத்தில் வந்ததில் 11. கரண்டே கேட்காது. அதனால் சின்ன வால்வ் ஆம்ப்கூட அதோடு அழகாகக் குடும்பம் நடத்தும். ஓட்டக் கஷ்டமான ஸ்பீக்கர் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். வோல்டேஜ் போதாமல் வருகிற கஷ்டம் வேறு, கரண்ட் போதாமல் வருகிற கஷ்டம் வேறு.

இரண்டாவது கஷ்டத்துக்கு நல்ல ஆம்பை எப்படி அடையாளம் காண்பது? 8 ஓம்ஸில் 50, 4 ஓம்ஸில் 90 என்று தாளில் இருந்தால் பவர் சப்ளை முதுகெலும்புள்ளது. 8 ஓம்ஸில் 50 போட்டுவிட்டு 4 ஓம்ஸைப் பற்றி மூச்சே விடாவிட்டால் சந்தேகப்படலாம். 1978-ல் வந்த நாட் 3020 என்ற ஆம்பை இன்றும் பழைய ஆட்கள் சிலாகிப்பது இதனால்தான். தாளில் வெறும் 20 வாட்ஸ். ஆனால் நொடிப்பொழுது உச்சங்களுக்கு இரண்டு மடங்கு கொடுக்கும், இம்பீடன்ஸ் இறங்கினாலும் அசராது.

அதிகமானாலும் ஆபத்துதான். இங்கிலாந்தில் ஹண்டிங்டன் ஊரிலிருந்த குவாட் கம்பெனி 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் (உயர் வோல்டேஜில் மெல்லிய படலத்தை அதிர வைப்பது), அதே கம்பெனியின் 15 வாட்ஸ் வால்வ் ஆம்போடு பிறந்தது. 1975-ல் அவர்களே 100 வாட்ஸில் 405 என்ற ஆம்ப் கொண்டுவந்தபோது, பழைய ஸ்பீக்கரில் மாட்டுவதானால் வோல்டேஜைக் கட்டுப்படுத்த லிமிட்டர் சேர்க்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் உள்ளே தீப்பொறி பறந்து படலம் ஓட்டையாகிவிடும்.

ஆனால் வீடுகளில் நான் பார்த்த கருகிய ட்வீட்டர்களில் (டிரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) பாதிக்கு மேல் சின்ன ஆம்பால் செத்தவை. கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். 15 வாட்ஸ் ஆம்பைத் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் வோல்டேஜ் கூரையில் இடிக்கும். அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையில் பழைய அலையைப்போல் இரண்டு மடங்கு பவர் இருக்கிறது. அதைவிட மோசம், பேஸ் கூரையில் முட்டி நின்றுவிட்டாலும் டிரெபிள் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். 100 வாட்ஸ் ஸ்பீக்கர் என்றாலும் உள்ளிருக்கும் ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான், தலைமுடி கனத்தில் சுற்றிய காயில் அது. கல்யாண வீட்டில் வாலிபப் பசங்க வால்யூமைத் தொட்டால் நடப்பது இதுதான். கரகரவென்று கேட்கும்போதே குறைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

‘இந்த ஆம்புக்கும் அந்த ஆம்புக்கும் சத்தம் வேற மாதிரி இருக்கே’ என்பது அடுத்த வழக்கு. பலசமயம் அதுவும் ஸ்பீக்கரோடு சேர்ந்த கணக்குதான். டிரான்சிஸ்டர் ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம். வால்வ் ஆம்பில் 2 ஓம்ஸ் இருக்கலாம். எதிரே 4 ஓம்ஸுக்கும் 20 ஓம்ஸுக்கும் இடையே ஆடுகிற ஸ்பீக்கர் இருந்தால், 20-ல் இருக்கிற சுருதிகள் 4-ல் இருப்பவற்றைவிட இரண்டரை டெசிபெலுக்கு மேல் தூக்கலாக வரும். ஈக்குவலைசரைத் திருகின மாதிரி. அந்த ‘வால்வ் இனிமை’யில் ஒரு பங்கு இதுதான். வேறொரு ஸ்பீக்கரில் அதே ஆம்ப் வேறு மாதிரி பாடும். 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு பந்தயம் கட்டினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த ஆம்பைப்போலவே தன் மலிவான ஆம்பைப் பாட வைப்பதாக. இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகும்வரை உட்கார்ந்து திருத்தினார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதே விஷயத்தைத்தான் டேம்பிங் ஃபேக்டர் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள்: ஸ்பீக்கரின் 8 ஓம்ஸை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்தால் வருகிற எண். 200, 500, 1000 என்று போட்டி. 200 என்றால் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 0.04 ஓம். ஆனால் 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் வயர் இழுத்தாலே போகவர 0.07 ஓம் சேர்ந்துவிடுகிறது. ஸ்பீக்கருக்குள்ளே காயிலில் 6 ஓம் வேறு உட்கார்ந்திருக்கிறது. 50-க்கு மேல் போனபின் அந்த எண்ணில் சண்டை போடுவது வீண். (வயரும் எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற செம்பு வயரே போதும் என்பது என் கட்சி. வசை வாங்கப் பழகிவிட்டேன்.)

வாட்ஸ் எண்ணையே எப்படி நம்புவது? பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த இலக்கணமும் கிடையாது; அச்சகத்தில் பூஜ்யம் இருக்கிறவரை போடலாம். அமெரிக்காவிலும் 1960-களில் இதே கூத்து நடந்து, 1974-ல் அரசின் வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது: தொடர்ச்சியாக எவ்வளவு, எந்தச் சுருதி வீச்சில், எவ்வளவு சிதைவோடு என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் கூடவே இல்லாத வாட்ஸைப் பார்த்தால் நான் பாதியாக்கிக்கொள்வேன். ‘6 ஓம்ஸ், 1 கிலோ ஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரு சேனல் மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் இன்னும் கீழே. என்னுடைய ஏழு சேனல் ரிசீவரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் அதுதான் இருந்தது.

இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உள்ளங்கை அளவில் கிளாஸ்-டி வகை ஆம்ப் போர்டுகள் குவிந்து கிடக்கின்றன. டி.பி.ஏ. 3116 சிப் வைத்து ‘100 வாட்ஸ் + 100 வாட்ஸ்’. சிப் நல்ல சிப்தான், கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு நாம் மாட்டுவது வீட்டில் கிடக்கிற பழைய லேப்டாப் அடாப்டர்: 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட்ஸ். உள்ளே போவதே 65 என்றால் வெளியே 200 எப்படி வரும்? 19 வோல்ட் சப்ளையில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் 22 வாட்ஸுக்கு மேல் கணக்கே இடம் தராது. மைத்துனனைப்போல 16 வாட்ஸ் தேவைப்படுகிறவருக்கு அது தாராளம் என்பதுதான் வேடிக்கை. கிளாஸ்-ஏ வகை ஆம்ப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் மட்டும் ஒன்றை யோசித்துக்கொள்ளலாம். 25 வாட்ஸ் ஜோடி, பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதே நூறு வாட்ஸுக்கு மேல் அறையில் சூடாகக் கொட்டும். சென்னையில், மே மாதத்தில்.

போனில் இவ்வளவையும் கேட்டுவிட்டு மைத்துனன், “அதெல்லாம் சரி மாமா, நான் சத்தமா கேப்பேனே” என்றான். ஞாயிற்றுக்கிழமை என்னுடைய 60 வாட்ஸ் பழைய ஆம்பையும் மல்டிமீட்டரையும் தூக்கிக்கொண்டு வேளச்சேரிக்குப் போனேன். மாட்டிவிட்டு, “நீ எவ்வளவு சத்தமா கேப்பியோ அவ்வளவு வை, ஒரு நாளும் இதைத் தாண்ட மாட்டேன்கிற இடத்துல நிறுத்து” என்றேன். ஒரு தனி ஆவர்த்தனம் போட்டான். மொழுமொழு டைல்ஸ் தரை, வெறும் கண்ணாடி ஜன்னல், அறையே தவில் மாதிரி அதிர்ந்தது. மாமியார் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வால்யூம் குமிழை அந்த இடத்திலிருந்து அசைக்காமல் பாட்டை நிறுத்தி, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினேன். வால்வ் ஆம்பில் இப்படிச் செய்யக் கூடாது, லோடு இல்லாமல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். என்னுடையது டிரான்சிஸ்டர், பயமில்லை. பதிவின் உச்ச அளவிலேயே எழுதிய 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து டெர்மினலில் தொட்டேன். எந்தப் பதிவும் அதற்கு மேல் வோல்டேஜ் கேட்க முடியாது.

11.3 வோல்ட். அதை அதாலேயே பெருக்கி எட்டால் வகுத்தால் 16 வாட்ஸ். அவன் ஸ்பீக்கரின் அளவீட்டு வரைபடத்தை இணையத்தில் தேடி எடுத்தோம்: பெயருக்கு 8 ஓம்ஸ், 180 ஹெர்ட்ஸ் அருகே 4.2-க்கு இறங்குகிறது. அந்த இடத்தில்கூட 2.7 ஆம்பியர்தான்.

மைத்துனன் மீட்டரை வாங்கி இரண்டு தடவை தானே தொட்டுப் பார்த்தான். அந்த வாரமே 8 ஓம்ஸில் 50, 4 ஓம்ஸில் 80 கொடுக்கிற பழைய ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் முடித்துவிட்டான். மிச்சப் பணத்தில் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.